வெண்ணெய்க் குழி

போன வருடம் அக்டோபர் 31. காலை டீ கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் சமையலறை ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு. "14-ஆம் அறை. கோல்கேனன் தரலாம். நான்காம் நிலை. நடுவில் குழி கூடாது."

எழுதியவர், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களைப் பார்க்க வரும் சிகிச்சையாளர். நல்ல பெண், சொன்னதிலும் தப்பில்லை. ஆனாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அன்றைக்கு ஹாலோவீன். 14-ஆம் அறைப் பாட்டிக்கு வயது 93. குழி இல்லாத கோல்கேனனை, அதாவது கீரை சேர்த்து மசித்த கிழங்கை, அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டியவள் நான்.

அயர்லாந்தின் மேற்கில், மேயோ கவுண்டியில், ஒரு முதியோர் இல்லத்தின் அடுப்படியில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்ததால் வந்து சேர்ந்த ஊர். வரும்போது இந்த நாட்டுச் சாப்பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை: உருளைக்கிழங்கு. இப்போது யாராவது கேட்டால் வெண்ணெய் என்று சொல்வேன்.

கோல்கேனன் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாவாக வேகும் கிழங்காகப் பார்த்து எடுக்க வேண்டும். வெந்ததும் தோல் வெடித்துச் சிரிக்கும், அதைச் சிரிக்கும் கிழங்கு என்றே இங்கே சொல்கிறார்கள். கேல் கீரையோ முட்டைக்கோஸோ தனியாக வெந்து நறுக்கியிருக்கும். பாலைக் காய்ச்சி அதில் வெங்காயத்தாளைப் போட்டு, எல்லாவற்றையும் கிழங்கோடு சேர்த்து மசித்துத் தட்டில் குன்று மாதிரி குவித்து, நடுவில் கரண்டியால் ஒரு குழி, குழியில் வெண்ணெய்க் கட்டி. சூட்டில் அது உருகிக் குளமாக நிற்கும். ஓரத்திலிருந்து ஒவ்வொரு வாயாக எடுத்து, குளத்தில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே உள்ளே வர வேண்டும். கரையை உடைத்து வெண்ணெயை ஓட விடுகிறவன் சாப்பிடத் தெரியாதவன். நம் ஊரில் ரசத்துக்குச் சோற்றில் குழி பறிக்கும் குழந்தைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பிரச்சினை அந்தக் குளத்தில்தான். விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் உணவுக்கும் பானத்துக்கும் 0 முதல் 7 வரை நிலைகள் வகுத்திருக்கிறார்கள். நான்காம் நிலை என்றால் கட்டி இல்லாத கூழ்: கரண்டியில் நிற்க வேண்டும், தண்ணீர் பிரியக் கூடாது. உருகிய வெண்ணெய் கூழைவிட வேகமாகத் தொண்டையில் இறங்கி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அதனால் குழி கூடாது, கலந்து கொடு என்கிறார் சிகிச்சையாளர்.

அதே ஃப்ரிட்ஜ் கதவில், அந்த மஞ்சள் சீட்டுக்கு நேர் மேலே, அதே அறைக்கு உணவு ஆலோசகரின் வெள்ளைத் தாள். பாட்டியின் எடை 41 கிலோ. "மூன்று வேளையும் வெண்ணெய், க்ரீம் கூடுதலாகச் சேர்க்கவும்."

இது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும், சில நாள் வேடிக்கையாக இருக்காது. அந்தப் பாட்டி வளர்ந்தது மூன்று மாடு இருந்த வீட்டில். ஏழு பிள்ளைகள். அம்மா கடைந்த வெண்ணெயைக் கோஸ் இலையில் பொதிந்து சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோவார்களாம். பதிலுக்கு டீத்தூள், சர்க்கரை, மண்ணெண்ணெய். முட்டையும் அதே கூடையில் போகும். வீட்டில் மிஞ்சுவது மோர். கிழங்கும் மோரும், மோரும் கிழங்கும். தட்டில் வெண்ணெய் குளமாக நிற்பதை வருடத்தில் ஓரிரு நாள்தான் பார்க்க முடியும், அதில் முதல் நாள் ஹாலோவீன்.

இங்கே குளிர்காலம் நவம்பர் 1-இல் தொடங்குகிறது. வானிலைக்காரர்கள் கணக்கு வேறு, எங்கள் இல்லத்தில் அது செல்லாது. நவம்பர் 1 குளிர், பிப்ரவரி 1 வசந்தம், மே 1 கோடை, ஆகஸ்ட் 1 அறுவடை. பிப்ரவரி முதல் தேதி ஜன்னலுக்கு வெளியே ஆலங்கட்டி விழும். உள்ளே ஒரு தாத்தா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு "வசந்தம் வந்துவிட்டது" என்பார். முதல் வருடம் மறதி நோய் என்று நினைத்தேன். மாட்டைக் கேட்டால்தான் அந்தக் கணக்கு புரியும். புல்லை நம்பி மாடு வளர்க்கும் நாடு. குளிர்காலத்தில் பால் வற்றிவிடும். பிப்ரவரி வாக்கில் கன்று போடத் தொடங்கும், மறுபடியும் பால் வரும். பால் வந்தால் வசந்தம்.

அந்தப் பிப்ரவரி 1 புனித பிரிஜித்தின் நாள். கில்டேரில் மடம் வைத்திருந்தவர். 7-ஆம் நூற்றாண்டில் எழுதிய அவருடைய வரலாற்றிலேயே ஒரு வெண்ணெய்க் கதை இருக்கிறது. கடைந்த வெண்ணெயையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். கணக்குக் கேட்கும் நேரத்தில் ஜெபிக்கிறார், பாத்திரம் நிறைகிறது. 2023 முதல் இந்த நாளையொட்டி அரசு விடுமுறை விடுகிறார்கள். பழைய வழக்கத்தில் முந்தின நாள் இரவு ஜன்னல் விளிம்பில் ரொட்டியும் வெண்ணெயும் வைப்பார்கள், சில இடங்களில் அவருடைய வெள்ளைப் பசுவுக்கு ஒரு கதிர்க்கட்டும். வெளியே ஒரு துணியைப் போட்டு வைத்தால் போகிற வழியில் அதை அவர் ஆசீர்வதிப்பார், தலைவலிக்கு அதைக் கட்டிக்கொள்ளலாம். கதவுக்கு மேலே கோரையில் பின்னிய சிலுவை, தீ அண்டாமல் இருக்க.

கோரையை அறுக்கக் கூடாது, பிடுங்க வேண்டும். இதை நான் கற்றது ஒரு சண்டையில். பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்தும் பெண், சுத்தமாக இருக்கட்டும் என்று ஒரு வருடம் காகித ஸ்ட்ராக்களைக் கொண்டுவந்து சிலுவை பின்னச் சொன்னாள். கூடத்தில் ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை. அடுத்த நாள் என் வீட்டுக்காரர் ரோட்டோரச் சதுப்பில் இறங்கி, முழங்கால் வரை நனைந்து, ஒரு கட்டுக் கோரை பிடுங்கி வந்தார். சட்டைப் பொத்தான் போடக்கூட விரல் மடங்காத ஒரு பாட்டி மூன்று நிமிடத்தில் ஒரு சிலுவையை முடித்துவிட்டு, இரண்டாவதைத் தொடங்கியிருந்தார்.

தவக்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முந்தின செவ்வாய்க்கிழமை பான்கேக், வீட்டில் இருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்ப்பதற்கு. அப்புறம் நாற்பது நாள் விரதம். முன்னெல்லாம் பால் பொருளும் கிடையாது என்பதால் கடுங்காப்பி மாதிரி கறுப்புத் தேநீர், வெறும் ரொட்டி. எங்கள் இல்லத்தில் இப்போது சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மீன் கொடுப்பதோடு சரி. நடுவில் மார்ச் 17 வரும், புனித பேட்ரிக்குக்காக விரதத்துக்கு ஒரு நாள் லீவு. அன்று அமெரிக்கர்கள் உப்பிட்ட மாட்டிறைச்சி சாப்பிடுவது இங்குள்ளவர்களுக்கு ஒரு நிரந்தர நகைச்சுவை. இங்கே உப்பிட்ட பன்றியும் முட்டைக்கோஸும்தான்.

மே மாதத்துக்கு வருகிறேன். வருடத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி இது, ஏனென்றால் திருட்டுக் கதை.

மே 1 அன்று காலையில் உங்கள் வெண்ணெயை ஒருவர் திருடிவிடலாம். வெண்ணெயைத் தொடவே வேண்டாம். விடிவதற்குள் உங்கள் புல்வெளியில் ஒரு துணியை இழுத்துப் பனித்துளியைச் சேர்த்தால் போதும், உங்கள் கிணற்றில் முதல் வாளித் தண்ணீரை இறைத்தால் போதும். அந்த வருடம் முழுக்க நீங்கள் கடைவீர்கள், வெண்ணெய் திரளாது. அவர் வீட்டில் இரட்டிப்பாகத் திரளும். பக்கத்து வயலில் முட்டையைப் புதைப்பது இன்னொரு வழி. இந்த மாதிரி வேலைக்கு பிஷோக் என்று பெயர். மே காலையில் மாடுகளுக்கு நடுவே முயல் ஓடினால் அது முயல் இல்லை, உரு மாறி வந்து மடியில் பால் குடிக்கும் பக்கத்து வீட்டுக் கிழவி. செத்தவன் கையால் பாலைக் கலக்கினால் ஊர் வெண்ணெயெல்லாம் தன்னிடம் வரும் என்றும் ஒரு பேச்சு உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை ஒரு தாத்தா எனக்குச் சொன்னது, அவர் கஞ்சியை நான் கலக்கிக்கொண்டிருந்தபோது.

அதனால் மே 1 அன்று வீட்டிலிருந்து பால், உப்பு, நெருப்பு மூன்றும் வெளியே போகக் கூடாது. நெருப்புக் கங்கு கேட்டு யார் வந்தாலும் சந்தேகம். வாசற்படியிலும் தொழுவத்திலும் மஞ்சள் பூ போட்டு வைப்பார்கள், மாட்டின் வாலில்கூடக் கட்டுவார்கள். நான் இல்லத்துப் பெரியவர்களிடம், எங்கள் ஊரில் விளக்கு வைத்த பிறகு பாலும் உப்பும் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம் என்றேன். அந்தத் தாத்தா, "பின்னே? உங்க ஊர்லயும் பக்கத்து வீடு இருக்குமில்ல" என்றார்.

ஏன் மே? இன்றைக்கும் அயர்லாந்தில் பால் உச்சத்தைத் தொடும் மாதம் அது. புல் பொங்கி வளரும், மாடு வெளியே நிற்கும். கோடையில் திரண்ட வெண்ணெய்தான் வருட வருமானம். அந்தச் சமயத்தில் ஒருவருக்குத் திரளாமல் போனால் அது வெறும் சமையல் தோல்வியா?

கடைவதற்கு உயரமான மரப் பீப்பாய். மூடியில் ஒரு துளை, துளை வழியே நீண்ட தடி, தடியின் அடியில் குறுக்குக் கட்டை. நம் மத்து சுழலும், இது மேலும் கீழுமாகக் குத்தும். முக்கால் மணி நேரம், சில சமயம் இன்னும் அதிகம். அந்த நேரத்தில் வீட்டுக்குள் யார் வந்தாலும் "வேலைக்குக் கடவுள் ஆசி" என்று சொல்லிவிட்டு, தடியைப் பிடித்து நாலு குத்துக் குத்தாமல் வெளியே போகக் கூடாது. தபால்காரரானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி. குத்தாமல் போனால் வெண்ணெயைக் கூடவே கொண்டுபோகிறார் என்று அர்த்தம். எவ்வளவு நல்ல ஏற்பாடு. பயத்தைக் காட்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வேலை வாங்கிவிட்டார்கள்.

வெண்ணெய் திரளாததற்குப் பெரும்பாலும் காரணம் சூடுதான். பாலாடை ரொம்பக் குளிர்ந்திருந்தாலும் ரொம்பச் சூடாக இருந்தாலும் எவ்வளவு குத்தினாலும் வராது. பாத்திரம் சுத்தமாக இல்லாவிட்டாலும் கெடும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் பக்கத்து வீட்டுக் கிழவிதான் இருந்தாள்.

இதெல்லாம் நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது என்று சொன்னால் பொய். 1937 முதல் 1939 வரை இந்த நாட்டில் ஒரு காரியம் செய்தார்கள். சுமார் 5,000 பள்ளிகளில் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டிலும் ஊரிலும் இருக்கும் பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். கடைவது எப்படி, பண்டிகைக்கு என்ன சமைப்பீர்கள், தலைவலிக்கு என்ன மருந்து, எல்லாம். அந்த நோட்டுகள் இப்போது பிள்ளைகளின் கையெழுத்தோடு இணையத்தில் இருக்கின்றன. இரவு ஷிப்டில் ரொட்டி மாவு ஊறும் நேரத்தில் படிப்பேன். பதினோரு வயதுப் பெண்ணின் அழகான கையெழுத்தில், எங்கள் வீட்டில் வாரம் இருமுறை கடைவோம், பீப்பாய் மூன்றடி உயரம், என்கிற மாதிரி வரிகள். பாதிப் பக்கத்தில் பிஷோக். எழுதிய பிள்ளைகளில் இன்று உயிரோடு இருப்பவர்களுக்கு வயது நூறை ஒட்டியிருக்கும். எங்கள் இல்லத்தில் இருப்பவர்கள் அவர்களின் தம்பி தங்கைகள்.

சரி, அந்த வெண்ணெயெல்லாம் எங்கே போனது? தெற்கே கார்க் நகரத்துக்கு. 1770-இல் அங்கே வெண்ணெய்ச் சந்தை நிர்வாகம் தொடங்கியது. 19-ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை அது. கெர்ரி மலையிலிருந்து கார்க் வரை போட்ட ரோடுகளுக்கு வெண்ணெய் ரோடு என்றே பெயர். நாட்டுப்புறத்திலிருந்து மரத்தொட்டிகளில் வந்த வெண்ணெயைப் பரிசோதகர்கள் துளையிட்டு எடுத்து, மோந்து, ருசித்து, தரம் பிரித்து முத்திரை குத்துவார்கள். உப்பு தூக்கலாகப் போட்டதால் வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் போனாலும் கெடாது. 1924-இல் சந்தையை மூடினார்கள். இப்போது பக்கத்தில் ஒரு வெண்ணெய் அருங்காட்சியகம் இருக்கிறது.

கடைந்தவர்கள் கைக்கு வந்த காசு குத்தகையாகப் போனது. நிலம் வேறு யாருடையதோ. வெண்ணெய் குத்தகைக்கு, பன்றி குத்தகைக்கு, தானியம் குத்தகைக்கு. சாப்பிடக் கிழங்கு, குடிக்க மோர். கிழங்கில் இல்லாத சத்து மோரில் இருந்தது, அதனால் ஆட்கள் திடமாகத்தான் இருந்தார்கள். 1841 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 81 லட்சத்துக்கும் மேல். 1845-இல் கிழங்கில் அழுகல் நோய் வந்தது. அடுத்த ஏழெட்டு வருடத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அந்த வருடங்களிலும் துறைமுகத்திலிருந்து வெண்ணெய்த் தொட்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. மேயோ மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. இதைப் பற்றி எங்கள் இல்லத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் தட்டில் கிழங்கை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்கிறவர்களும் அங்கே கிடையாது.

ஜூலைக்கு இங்கே பழைய பெயர் பசி மாதம். கோஸ் மாதம் என்றும் சொல்வார்கள். பழைய கிழங்கு தீர்ந்திருக்கும், புதுக் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், இருப்பது கோஸ். பொறுக்காமல் முன்னாடியே தோண்டுகிறவன் குடித்தனம் நடத்தத் தெரியாதவன். ஜூலை கடைசி ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அன்றைக்குத்தான் க்ரோ பேட்ரிக் மலை ஏறுவார்கள், 764 மீட்டர், சிலர் வெறுங்காலோடு. நாட்டின் மற்ற இடங்களில் குன்றுகளில் ஏறிக் கருநீலக் காட்டுப்பழம் பறிப்பார்கள். வீட்டில் அன்று முதல் கிழங்கு.

இப்போது ஜூன் மாதமே ரோட்டோரத்தில் வேனை நிறுத்திப் புதுக் கிழங்கு விற்கிறார்கள். எங்கள் மேலாளர் ஒரு மூட்டை வாங்கிவருவார். அன்றைக்கு மட்டும் நான் எதுவும் சேர்ப்பதில்லை: தோலோடு வேகவைத்து, வெண்ணெய், உப்பு. முதல் வாய்க்கு முன்னால் யாராவது ஒருவர் ஐரிஷ் மொழியில் ஒரு வரி சொல்வார், மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். ரொம்ப நாள் அது ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "அடுத்த வருடமும் இந்த நேரத்தில் உயிரோடு இருப்போமாக." நாற்பது பேர் இருக்கும் கூடம். அடுத்த ஜூனில் முப்பது பேர்தான் பழைய முகமாக இருப்பார்கள், அவர்களுக்கும் அது தெரியும். சொல்லிவிட்டு உப்பைக் கேட்பார்கள்.

நவம்பர் 11 பற்றி ஒரு வார்த்தை. அதற்கு முந்தின நாள் சேவலோ வாத்தோ அறுத்து, ரத்தத்தை வாசற்படியிலும் வீட்டின் நான்கு மூலையிலும் தெளிப்பார்களாம், புனித மார்ட்டினுக்காக. 11 அன்று எந்தச் சக்கரமும் சுற்றக் கூடாது, நூல் நூற்கும் ராட்டினம்கூட. இதை மட்டும் நாங்கள் இல்லத்தில் கொண்டாடுவதில்லை. சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டால் நான் என்ன சொல்வது?

இனி ஹாலோவீன். பகல் முழுக்க பிராக் தயாரித்தேன். உலர்திராட்சையைக் கறுப்புத் தேநீரில் இரவே ஊறப்போட்டுச் செய்யும் ரொட்டி. அதற்குள் மோதிரம், காசு, துணித்துண்டு, குச்சி, பட்டாணி வைத்துச் சுடுவது முறை. மோதிரம் வந்தால் அந்த வருடம் கல்யாணம், காசு செல்வம், துணி வறுமை, குச்சி வந்தால் சண்டைக்காரக் கணவன், பட்டாணி என்றால் இந்த வருடம் இல்லை. கடையில் விற்கும் பிராக்கில் இன்றும் மோதிரம் இருக்கும். எங்களுடையதில் இருக்காது, தொண்டையில் சிக்கும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பாட்டி துண்டைக் கிளறிப் பார்த்துவிட்டு "அப்போ எனக்கு இந்த வருடமும் ஆகாது" என்பார்.

மாலை ஐந்து மணிக்கு 14-ஆம் அறையின் தட்டு. பகலிலேயே ஒரு யோசனை வந்திருந்தது. கீரையையும் கிழங்கையும் மிக்ஸியில் அடித்து, சல்லடையில் தேய்த்துக் குன்று கட்டினேன். ஈரக் கரண்டியால் குழியும் பறித்தேன். கொஞ்சம் கிழங்கைத் தனியாக எடுத்து, சரிக்குச் சரி வெண்ணெயைப் போட்டு நுரைக்க நுரைக்க அடித்தேன். நல்ல மஞ்சளாக, கூழின் அதே பதத்தில் வந்தது. கரண்டியைச் சாய்த்தும் குலுக்கியும் பார்த்தேன், ஓடவில்லை, பிரியவில்லை. நர்ஸ் பார்த்துத் தலையாட்டினாள். அதைக் குழியில் நிரப்பினேன். தூரத்திலிருந்து பார்த்தால் குளம்தான்.

பாட்டி ரொம்ப நேரம் தட்டைப் பார்த்தார். கரண்டி நுனியால் குழியைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது வெண்ணெய் இல்லையே."

"பாதி வெண்ணெய், பாதி கிழங்கு" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"பாதியா? எங்கம்மா இதைக் கொண்டுபோயிருந்தா கடைக்காரன் வாசல்லயே திருப்பி அனுப்பியிருப்பான்."

ஆனாலும் சாப்பிட ஆரம்பித்தார். ஓரத்திலிருந்து, கரையை உடைக்காமல், ஒவ்வொரு வாயும் மஞ்சளைத் தொட்டு. அவர்கள் வீட்டில் அன்று இரவு அடுப்புப் பக்கத்தில் ஒரு தட்டு தனியாக வைப்பார்களாம், செத்தவர்கள் வந்தால் சாப்பிட. காலையில் யார் முதலில் எழுகிறார்களோ அவர்களுக்கு அது. தன் அண்ணன் அதற்காகவே தூங்காமல் கிடப்பான் என்றார்.

ஆறரைக்குத் தட்டை எடுக்கப் போனேன். சுற்றுவட்டம் முழுக்க வழித்துச் சாப்பிட்டிருந்தார். நடுவில் ஒரு கரண்டி அளவு அப்படியே நின்றது, மேலே மஞ்சளோடு. கண்ணை மூடியிருந்தார்.

உணவுக் குறிப்பேட்டில் எவ்வளவு சாப்பிட்டார் என்று எழுத வேண்டும்: கால், அரை, முக்கால், முழுதும். முக்கால் என்று எழுதினேன். தட்டைக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.